முகத்துக்கு எந்த நிறம் ஒத்துப்போகும்? காரைக்குடிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பருவ வண்ணப் பகுப்பாய்வு என்று ஒரு முறை இருக்கிறது. ஒருவருடைய தோல், கண், முடி ஆகியவற்றின் நிறத்தைப் பார்த்து, அவருக்கு ஒத்துப்போகும் துணி நிறங்களையும் ஒப்பனை நிறங்களையும் வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்ற நான்கு தொகுப்புகளில் ஒன்றில் சேர்ப்பார்கள். அதையே நுணுக்கி 12 தொகுப்புகளாகப் பிரிப்பவர்களும் உண்டு. இதைச் சொல்லித்தரும் காணொளிகளில் பெரும்பாலானவை வெளுத்த தோலும் பழுப்பு முடியும் கொண்டவர்களை மனத்தில் வைத்து எடுக்கப்பட்டவை. அவற்றோடு நெடுநாள் மல்லுக்கட்டிய பிறகு, நம் ஊர் வெளிச்சத்தில், நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் துணியை வைத்து இதைச் செய்ய ஒரு வழிக்கு வந்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த அலைச்சலைப் படவேண்டியதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது ரத்தப் பரிசோதனை போன்றதல்ல. ஒரே முகத்தை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு முடிவு வரலாம். கடையில் அரை நாள் நின்று குழம்பாமல் இருக்க உதவும், அவ்வளவுதான். வீட்டிலேயே செய்தால் துணிக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடித்துவிடலாம். சோதனைக்கு இரண்டு காலைப் பொழுது போதும்.

1. தொகுப்பின் பெயரை ஒதுக்கிவிட்டு மூன்று கேள்விகளைப் பிடியுங்கள்

உங்கள் முகத்துக்கு ஒத்துப்போவது சூடான நிறமா, குளிர்ச்சியான நிறமா? ஆழமான நிறமா, வெளிறிய நிறமா? பளிச்சென்ற நிறமா, மங்கலான நிறமா? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் பெரும்பாலும் தொகுப்பு தானாக வந்துவிடும். சூடு, வெளிறல், பளிச்சு சேர்ந்தால் வசந்தம். குளிர்ச்சி, வெளிறல், மங்கல் சேர்ந்தால் கோடை. சூடு, ஆழம், மங்கல் சேர்ந்தால் இலையுதிர் காலம். குளிர்ச்சி, ஆழம், பளிச்சு சேர்ந்தால் குளிர்காலம். கோடையைக் குளிர்ச்சிப் பக்கம் வைத்திருக்கிறார்களே என்று விழிக்க வேண்டாம். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் நம் சித்திரை வெயிலைப் பார்த்தவர்கள் அல்லர்.

சூடு, குளிர்ச்சி என்றால் என்ன என்பதற்குப் பூக்கடைக்குப் போனால் போதும். கனகாம்பரம் சூடு, வாடாமல்லி குளிர்ச்சி. இரண்டும் பெண்கள் விரும்பி உடுத்தும் நிறங்கள்தான். ஒன்றில் மஞ்சள் கலந்திருக்கிறது, மற்றதில் நீலம். சிவப்பிலும் இதே வேறுபாடு உண்டு: செங்கல் சிவப்பு சூடு, நாவல்பழச் சாயல் கலந்த சிவப்பு குளிர்ச்சி. பச்சையில் கிளிப்பச்சை சூடு, மரகதப் பச்சை குளிர்ச்சி.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் சூடு, நீலமாகத் தெரிந்தால் குளிர்ச்சி என்று சொல்லும் சோதனை மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஒத்துவராது. தோலின் மேல் நிறமே நரம்பின் நிறத்தை மாற்றிக் காட்டிவிடும். இரண்டாவது, ‘கறுத்த முடி, கறுத்த கண் என்றால் குளிர்காலம்தான்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது. அப்படிப் பார்த்தால் காரைக்குடி முதல் தேவகோட்டை வரை எல்லாரும் ஒரே தொகுப்பு. கறுத்த தோலிலும் சூடு உண்டு, குளிர்ச்சி உண்டு, மங்கல் உண்டு. முடி கறுப்பாக இருப்பதால் நம்மில் பலருக்கு ஆழமான நிறங்கள் எளிதாகப் பொருந்தும் என்பது மட்டும் உண்மை.

2. முகத்தைத் தயார் செய்ய மூன்று நாள் ஒதுக்குங்கள்

மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம் இருந்தால் மூன்று நாளைக்கு நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு மஞ்சள் தங்கியிருந்தாலும் குளிர்ச்சியான முகம் சூடாகத் தெரியும். பிளீச், ஃபேஷியல், புருவம் திருத்துதல் எதுவும் அந்த மூன்று நாளில் வேண்டாம். சிவந்திருக்கும் தோல் பொய் சொல்லும். வெயிலில் அலைந்துவிட்டு வந்தாலும் அப்படித்தான்.

சோதனை நாளில் முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, துடைத்து, அரை மணி நேரம் விடுங்கள். குங்குமம், பொட்டு, கண்மை, பவுடர் எதுவும் கூடாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். உள்ளே விட்டு மேலே வெள்ளைத் துண்டைப் போர்த்திக்கொள்ளலாம். மூக்குத்தி சிறியது, இருந்துவிட்டுப் போகட்டும். மருதாணியோ சாயமோ போட்ட முடியை மட்டும் வெள்ளைத் துணியால் மூடுங்கள். மருதாணியின் செம்மை பக்கத்தில் இருந்தால் எந்த முகமும் சூடுதான்.

3. வெளிச்சம்: செட்டிநாட்டு வீட்டின் வசதியும் வில்லங்கமும்

இந்த வேலையில் பாதி வெளிச்சம்தான். நேர் வெயில் விழாத, திறந்த வானத்தின் வெளிச்சம் வேண்டும். காலை ஒன்பதரை முதல் பதினொன்றுக்குள் நல்லது. உச்சி வெயிலிலும், மேகம் அடைத்த ஐப்பசி நாளிலும் செய்யாதீர்கள். மாலை நான்கரைக்கு மேல் வெளிச்சமே மஞ்சளாகிவிடும்.

முற்றம் வைத்த வீட்டில் இருந்தால் உங்களுக்கு யோகம். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், நிழல் விழும் பக்கம், முகம் முற்றத்தைப் பார்க்க உட்காருங்கள். மேலிருந்து வானத்தின் வெளிச்சம் வரும். சுண்ணாம்புச் சுவர் அதைப் பரப்பித் தரும். இதற்காகவே ஸ்டுடியோ கட்டினாலும் இவ்வளவு அமையாது.

ஆனால் அதே வீட்டில் கெடுப்பதற்கும் நிறைய இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சிவப்பும் பச்சையுமாக இருக்கும்; அதன் நிறம் தாடைக்குக் கீழே ஏறும். சிவப்பு சிமென்டுத் தரையும் அப்படியே. தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டு உட்காருங்கள். முகப்பில் வண்ணக் கண்ணாடி வைத்த சன்னல் இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். மழைக்கும் குரங்குக்கும் பயந்து முற்றத்துக்கு மேல் பச்சை, நீல ஃபைபர் ஷீட் போட்டிருக்கிறார்களா என்று தலையைத் தூக்கிப் பாருங்கள். போட்டிருந்தால் அந்த முற்றம் உதவாது. வாசல் திண்ணைக்கு வாருங்கள். ரசம் போன பழைய பெல்ஜியம் கண்ணாடி பார்க்க அழகு, சோதனைக்கு ஆகாது. சாதாரணப் புதுக் கண்ணாடி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு வந்து அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வடக்குப் பார்த்த சன்னலோ பால்கனியோ போதும். சுவர் ரோஸ், பச்சை என்று இருந்தால் பின்னாலும் பக்கத்திலும் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிடுங்கள். விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். 3000 கெல்வின் பல்பு எல்லாவற்றையும் மஞ்சளாக்கும், 6500 கெல்வின் பல்பு நீலமாக்கும். பகல் வெளிச்சத்தோடு அவை கலந்தால் நிதானமே கிடைக்காது.

4. துணி: மேட்சிங் சென்டரில் ஜாக்கெட் பிட் வாங்குங்கள்

இதற்கென்று அச்சடித்த துணித் தொகுப்புகளை இணையத்தில் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். வேண்டாம். ஜாக்கெட் துணி விற்கும் மேட்சிங் சென்டரில் டூ பை டூ காட்டன் நூறு நிறத்துக்கு மேல் அடுக்கியிருப்பார்கள். சேலை இல்லாமல் போய் நின்றால் கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். கூட்டம் இல்லாத காலை நேரத்தில் போய், கால் மீட்டர் வெட்டித் தருவார்களா என்று கேளுங்கள். சில கடைகளில் தருவார்கள். தராவிட்டால் ஜாக்கெட் அளவான 80 சென்டிமீட்டர் வாங்க வேண்டியிருக்கும். அது வீணில்லை, பொருந்தியதைத் தைத்துக்கொள்ளலாம்.

எல்லா நிறமும் வேண்டாம், ஜோடிகள்தான் வேண்டும். சூடா குளிர்ச்சியா என்று பார்க்கக் கனகாம்பரமும் வாடாமல்லியும், செங்கல் சிவப்பும் நாவல்பழச் சிவப்பும். ஆழத்துக்கு அரக்கும் வெங்காயத்தோல் நிறமும். பளிச்சு மங்கலுக்கு மிளகாய்ப்பழச் சிவப்பும் பாக்கு நிறமும். இவற்றோடு தூய வெள்ளை ஒன்று, சந்தன வெள்ளை ஒன்று. பத்துத் துண்டுக்குள் முடிந்துவிடும். எல்லாம் பளபளப்பில்லாத பருத்தியாக, கோலமோ புள்ளியோ இல்லாத வெறும் நிறமாக இருக்கட்டும்.

காசு செலவழிக்காமலும் முடியும். பீரோவைத் திறந்தாலே பாதி நிறம் கிடைக்கும். மீதிக்குப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கேட்டால் சேலையும் கிடைக்கும், அதை எந்தக் கல்யாணத்துக்கு எடுத்தார் என்ற கதையும் கிடைக்கும். ஆனால் பலமுறை துவைத்து வெளுத்த சேலையைப் பளிச்சு மங்கல் சோதனைக்கு எடுக்காதீர்கள். குறுக்கும் நெடுக்கும் வேறு வேறு நிற இழை ஓடும் மயில் கழுத்துப் பட்டு போன்றவையும் ஆகா. திருப்பும் பக்கமெல்லாம் ஒரு நிறம் காட்டும்.

5. எதைப் பார்ப்பது

துணியைத் தாடைக்குக் கீழே, இரண்டு தோளையும் மூடும்படி போட்டு, ஐந்து விநாடி பார்த்துவிட்டு ஜோடியின் மறுதுணியைப் போடுங்கள். திரும்பத் திரும்ப மாற்றுங்கள். துணியைப் பார்க்காதீர்கள், முகத்தைப் பாருங்கள்.

நம் தோலில் மிக நன்றாகக் காட்டிக்கொடுக்கும் இடங்கள் இவை: கண்ணுக்குக் கீழ்க் கருவளையம், வாயைச் சுற்றிய கருமை, கன்னத்து மங்கு, தாடை முடியும் கோடு. ஒத்துப்போகும் நிறத்தில் இவை அடங்கி, முகம் முழுக்க ஒரே சீராக இருக்கும். கண்தான் முதலில் தெரியும். ஒத்துவராத நிறத்தில் வாயோரக் கருமை தூக்கலாகும், முகம் சாம்பல் பூத்தது மாதிரியோ காமாலை வந்தது மாதிரியோ ஆகும். முகத்துக்கு முன்னால் துணி தெரிந்தால் அந்தத் துணி உங்களை விழுங்குகிறது என்று பொருள்.

இனி, எல்லாரும் சறுக்கும் இடம். உதவிக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டால், ‘எந்த நிறத்தில் நான் நன்றாக இருக்கிறேன்’ என்று கேட்காதீர்கள். “இதில்தான் ஆத்தா, சிவப்பாகத் தெரிகிறாய்” என்று பதில் வரும். பெரியம்மா முதல் ஜவுளிக்கடைப் பையன் வரை எல்லாருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அந்த அளவுகோலில் பார்த்தால் வெளிறிய ரோஸும் சந்தனமும்தான் எப்போதும் ஜெயிக்கும். ஆழமான நிறம் தேவைப்படுகிற முகம் அவற்றில் வெளிறிச் சோர்ந்துபோகும். நம்மைச் சிவப்பாகக் காட்டுவது இந்தச் சோதனையின் வேலையே இல்லை. உதவிக்கு வருபவரிடம், “வாயைச் சுற்றிக் கறுப்பு கூடுகிறதா குறைகிறதா, அதை மட்டும் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இதை நன்றாகச் செய்வார்கள். அவர்களுக்கு முகதாட்சண்யம் கிடையாது.

ஜோடியின் ஒவ்வொரு துணிக்கும் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள். அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு, திரையில் முகத்தை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைத் தாளும் படத்தில் தெரிய வேண்டும். தாள் ஒரு படத்தில் வெள்ளையாகவும் மறு படத்தில் நீலமாகவும் இருந்தால் கைப்பேசி நிறத்தை மாற்றிவிட்டது, அந்த இரண்டையும் ஒப்பிடக் கூடாது. படத்தைப் போட்டால் பருவம் சொல்லும் செயலிகளுக்கு ஒரே முகத்தின் இரண்டு படங்களைக் கொடுத்துப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இரண்டாம் முறை, வேறொரு நாளில் செய்யுங்கள். இரண்டு நாளும் ஒரே விடை வந்தால்தான் எழுதி வையுங்கள். இடையில் நிற்கிற முகங்களும் உண்டு. கனகாம்பரமும் வாடாமல்லியும் உங்களுக்குச் சமமாக இருந்தால் சூடு குளிர்ச்சியை விட்டுவிட்டு ஆழம், பளிச்சு இரண்டை மட்டும் கைக்கொள்ளுங்கள்.

6. ஆலோசகரிடம் போவதாக இருந்தால்

பெருநகரங்களில் நேரில் துணி போர்த்திப் பார்க்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இங்கிருந்து போனால் கட்டணத்தோடு ரயில் செலவும் சேரும். இணையவழி ஆலோசனைக்குச் சில நூறு முதல் பல ஆயிரம் வரை கேட்கிறார்கள். பணம் அனுப்பும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: நான்கு தொகுப்பா 12 தொகுப்பா, முடிவோடு நிற அட்டை தருவார்களா, அது அச்சிட்டதா வெறும் படமா, மாநிறம், கறுப்புத் தோலுக்குச் செய்த மாதிரிகளைக் காட்ட முடியுமா, முடிவில் ஐயம் வந்தால் மறுபடி பார்ப்பார்களா, எத்தனை நாளில் தருவார்கள். நான் அணுகிய ஒருவர், அனுப்பிய படத்தில் வெளிச்சம் எப்படி என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் மறுநாளே ‘குளிர்காலம்’ என்று அனுப்பிவிட்டார். படத்தை எப்படி எடுக்க வேண்டும் என்று நீளமாக வகுப்பெடுக்கிறவரே நல்ல ஆலோசகர்.

7. சேலை எடுக்கும்போது

சேலையில் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஜாக்கெட்டும், தோளில் விழும் முந்தானை மடிப்பும், அதன் கரையும்தான். கொசுவம் எந்த நிறமாக இருந்தாலும் முகத்துக்குத் தெரியாது. ஆகவே, பொருந்தாத நிறத்தில் ஆயா கொடுத்த பட்டு இருக்கிறதே என்று கவலை வேண்டாம். ஜாக்கெட்டைப் பொருந்தும் நிறத்தில், கழுத்தை அதிகம் இறக்காமல் தைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

செட்டிநாட்டுப் பருத்திச் சேலையான கண்டாங்கிக்கு வருவோம். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கட்டம், அகலக் கரை, அழுத்தமான நிறம் என்பவை அதன் இயல்பு. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, அரக்கு எல்லாம் இலையுதிர்த் தொகுப்பினருக்குக் கை நீட்டி எடுக்கிற மாதிரி அமைந்தவை. குளிர்காலத் தொகுப்பினர் கடுகு மஞ்சளைத் தோளில் போட்டால் சோர்ந்து தெரிவார்கள். அவர்களுக்குக் கறுப்பும் சிவப்பும், கறுப்பும் வெள்ளையும் இருக்கின்றன. வசந்தம் என்றால் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும். கோடைக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் திண்டாட்டம். சாம்பல் கலந்த நீலம், கத்தரிப்பூ மாதிரியான நிறங்களில் நெய்ததைத் தேட வேண்டும். கட்டத்தில் இரண்டு நிறம் இருந்தால் தோளில் மடித்துப் போட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தூரத்தில் இரண்டும் கலந்து ஒரே நிறமாகத் தெரியும். உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் நிற்கப்போவது அந்த நிறம்தான்.

கடை விளக்கில் முடிவெடுக்காதீர்கள். “கொஞ்சம் வாசல் வெளிச்சத்தில் பார்க்கிறேன் அண்ணே” என்று சொன்னால் யாரும் தடுப்பதில்லை. இரவில் சேலை எடுக்காதீர்கள்.

கைத்தறிக் கண்டாங்கி ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கும், நூலையும் வேலையையும் பொறுத்து ஏறும். ஐந்நூறு ரூபாய்க்குக் கண்டாங்கி என்று நீட்டினால் விசைத்தறி என்று எடுத்துக்கொள்ளலாம். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதில் சேலையின் நிறத்தையும் ‘மாற்றித் தரப்படும், இத்தனை நாளுக்குள்’ என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆடித் தள்ளுபடியில் எடுத்ததைப் பல கடைகளில் மாற்றித் தர மாட்டார்கள். நிறம் உறுதியாகத் தெரியாதவர்கள் ஆடியில் எடுக்காமல் இருப்பது மேல். அழுத்தமான நிறங்கள் முதல் சில துவைப்பில் சாயம் விடும். தனியாக, குளிர்ந்த நீரில் அலசுங்கள். அதன் பிறகு நிலைக்கும் நிறத்துக்குத்தான் ஜாக்கெட் எடுக்க வேண்டும்.

தங்கமா வெள்ளியா என்று எல்லாக் காணொளியும் கேட்கும். குளிர்ச்சியான முகத்துக்கு வெள்ளி என்பார்கள். நம் ஊர் விசேஷத்துக்கு வெள்ளி நகையோடு போய் நின்று பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. தங்கத்தையே போடுங்கள்; பொருந்தும் நிற ஜாக்கெட்டின் மேல் கிடந்தால் உறுத்தாது.

8. ஒப்பனை

பவுண்டேஷனைக் கையில் தடவிப் பார்க்காதீர்கள். கையும் முகமும் ஒரே நிறத்தில் இருப்பது அரிது. தாடைக்கோட்டிலிருந்து கழுத்துவரை மூன்று அடுத்தடுத்த நிறங்களைக் கோடாக இழுத்து, இருபது நிமிடம் கடைத்தெருவில் நடந்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். காற்றுப் பட்டு நிறம் கறுக்கும் வகைகள் உண்டு. எந்தக் கோடு காணாமல் போகிறதோ அது உங்களுடையது. ஒரு படி வெளிறியதைத் தள்ளிவிடும் விற்பனையாளர்கள் எங்கும் இருக்கிறார்கள். கல்யாணப் படங்களில் கழுத்து ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமாக நிற்பது அதனால்தான். புட்டியில் டபிள்யூ என்றிருந்தால் சூடு, சி குளிர்ச்சி, என் நடுநிலை. நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும் என்பதால் எழுத்தை நம்பி இணையத்தில் வாங்க வேண்டாம்.

உதட்டுச் சாயத்துக்கு ஜாக்கெட் சோதனையின் விடையே போதும். சூடானவர்களுக்குச் செங்கல், பாக்கு, மிளகாய்ப்பழம். குளிர்ச்சியானவர்களுக்கு நாவல்பழம், வாடாமல்லி, நீலச் சாயல் உள்ள சிவப்பு. தோல் நிறம் என்று விற்கும் வெளிறிய வகை கறுத்த உதட்டில் சுண்ணாம்பு அப்பியதாகத் தெரியும். கண்மை கறுப்பாகவே இருக்கட்டும். மங்கலான தொகுப்பினர் மட்டும் காப்பி நிறத்தை முயலலாம். பொட்டும் கணக்கில் சேரும்: அரக்குப் பொட்டு, சிவப்புப் பொட்டு இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

பெட்டியில் உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும், இறக்குமதி செய்தவர் முகவரியும் வேண்டும். திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்றிருந்தால் திறந்த பிறகு 12 மாதம். மூடியில் திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள்.

9. விசேஷம் இருந்தால் நாள் கணக்கு

முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பு நிறச் சோதனையை முடித்துவிடுங்கள். கேட்ட நிறத்தில் கண்டாங்கி நெய்து வாங்குவதானால் சாயம் போட்டு, பாவு ஓட்டி, தறி ஏறுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். கானாடுகாத்தான் பக்கம் நெசவாளரிடமே நேரில் கேட்டு, நிறத் துண்டைக் கையில் கொடுத்து, முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ‘மயில் நீலம்’ என்று வாயால் சொன்னால் அவர் மயிலும் உங்கள் மயிலும் வேறாக இருக்கும். ஒப்பனை செய்பவரோடு ஒத்திகையைப் பகலில், அந்த ஜாக்கெட்டையே அணிந்துகொண்டு வைத்துக்கொள்ளுங்கள். வைகாசி, ஆவணி முகூர்த்த நெரிசலிலும் தீபாவளிக்கு முந்திய மாதத்திலும் தையற்காரர்கள் புதுத் துணி வாங்கமாட்டார்கள். ஒன்றரை மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். கொடுக்கும்போது லைனிங் துணியையும் நீங்களே வாங்கிக் கொடுப்பது நல்லது. மெல்லிய துணிக்கு வேறு நிற லைனிங் வைத்தால் ஜாக்கெட்டின் நிறமே மாறிவிடும். இரண்டிலும் ஒரு துண்டு வெட்டி ரசீதோடு பின் குத்தி வைத்திருந்தால், வாங்கும்போது ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.